ஒபின்னாவின் அப்பா வந்த மதியம்

2006இல் லண்டனில் ஒரு தமிழ் வார இதழின் நிருபராக இருந்தேன். கிழக்கு லண்டனின் பார்க்கிங் (Barking) பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு ஒபின்னா, நைஜீரியாவின் இக்போ இனத்தவன். ஊரில் அவனுடைய அப்பா இறந்தபோது, லண்டனில் அவனோடு இருந்த அம்மாவால் விசாச் சிக்கலால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. லண்டனிலேயே ஒரு மண்டபத்தில் நடந்த ஓராண்டு நினைவுநாளுக்கு நானும் மனைவியும் போயிருந்தோம்.

மேளம் மாறியதும், மர முகமூடியும் துணியும் முழுதாக மூடிய ஓர் உருவம் மண்டபத்துக்குள் வந்தது. இறந்தவரே இப்படித் திரும்பி வருகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை.

"உங்களைப் புதைக்கக்கூட நான் வரவில்லையே" என்று அம்மா அழுதார்.

"அதனால்தான் நான் வந்தேன்" என்றது உருவம், கீச்சுக் குரலில். அருகில் இருந்தவர் எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

உருவம் இடது காலை இழுத்து நடந்தது. ஒபின்னாவின் நடை.

"இது எங்கட ஒபின்னாவெல்லே?" என்றேன்.

மனைவி கிள்ளினாள். "வாயை மூடுங்கோப்பா! கோயில்ல உரு வந்து ஆடுறவரைப் பேர் சொல்லியோ கூப்பிடுவியள்? அந்த மனிசி புருசனோட கதைக்குது."

உருவம் போய்ச் சற்று நேரத்தில், வியர்த்த முகத்தோடு ஒபின்னா என் அருகில் வந்து அமர்ந்தான்.

"சாப்பாடு எடுக்கப் போயிட்டன். அப்பா வந்தவராமே? அம்மாட்ட என்ன சொன்னவர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

அவன் முகத்தில் விளையாட்டில்லை. நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். முதன்முறை கேட்பவன்போலக் கேட்டான், கண் கலங்கியது.

யார் என்று கேட்பதுதான் என் தொழில். அன்று அதைக் கேட்காமல், அப்பா வந்துபோன செய்தியை மகனிடம் சொன்னேன். அதில் பொய் இருந்ததாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை.