தாய்மாமன் போட வேண்டிய கோட்

சனிக்கிழமைக் காலைகளை நான் காருக்குள்தான் கழித்தேன். பிக்கரிங்கில் எங்கள் வீட்டிலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு ஸ்காபரோவுக்கு வருவேன். ஒரு தேவாலயத்தின் பின்பக்க மண்டபத்தில் அவனை இறக்கிவிட்டு, ஹீற்றரைப் போட்டு, இருக்கையைச் சாய்த்து, கண்ணை மூடுவேன். கண்ணாடிகளில் பனி படியப் படிய வெளியே இருந்த கார்களும் மரங்களும் ஒவ்வொன்றாக மறையும். பிறகு மண்டபத்துக்குள்ளிருந்து வரும் சத்தம் மட்டும்தான் மிஞ்சும். பல கால்கள் ஒன்றாகத் தரையில் மிதிக்கும். நடுவில் கைதட்டல். ஒருவர் ஏதோ கேட்க எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வார்கள். சொற்கள் சுவரைத் தாண்டி வராது, தாளம் வரும். நித்திரையா விழிப்பா என்று தெரியாத அந்த வெள்ளை வெளிச்சத்தில் கார் எங்கோ மெல்ல மிதந்துகொண்டு போவது போலிருக்கும். அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்காகவே வாரம் முழுவதும் வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

உள்ளே இருந்தவர்கள் ஒரு சகோதர சங்கத்தைச் சேர்ந்தவர்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற காலத்தில் கறுப்பின மாணவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகச் சேர்ந்துகொள்கிற சங்கம் அது. படிப்பு முடிந்தாலும் உறவு முடிவதில்லை. தலை நரைத்தவர்களும் ஒருவரையொருவர் 'பிரதர்' என்றுதான் கூப்பிடுவார்கள். தங்கள் இனத்து இளைஞர்களைச் சனிக்கிழமைகளில் கூட்டி வைத்து வழிகாட்டுவார்கள். பள்ளி முடிகிற வருடத்தில் புலமைப்பரிசில் கொடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவார்கள். என் மனைவியின் அண்ணன் அவர்களில் ஒருவர். மனைவியின் பெற்றோர் ஜமெய்க்காவிலிருந்து வந்தவர்கள், அவள் இங்கேயே பிறந்தவள். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, அகதியாக இங்கே வந்தவன். மகன் நிறத்தில் தாயைக் கொண்டு பிறந்தான், பிடிவாதத்தில் என்னை.

அதற்கு முன் இதே சனிக்கிழமைகளில் அவனைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போனேன். அங்கே கூடப் படித்த பிள்ளைகள் அவன் நிறத்தை வைத்து ஒரு சொல்லால் அவனைக் கூப்பிட்டார்கள். அதை எழுதி அதற்கு மரியாதை தர மாட்டேன். வீட்டில் பெரியவர்கள் சொல்லாமல் பிள்ளைகளின் வாய்க்கு அந்தச் சொல் எப்படி வரும்? முறையிடப் போனால், "சின்னப் பிள்ளையள்தானே அண்ணை, விடுங்கோ" என்றார் பொறுப்பாளர். விட்டேன், வகுப்பை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த மண்டபத்திலிருந்து திரும்பும்போது மட்டும் அவன் வாய் ஓயாது. காரைப் பொலிஸ் மறித்தால் கைகளை எங்கே வைக்க வேண்டும், குரலை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், நேர்முகத்தில் கேள்வி விளங்காவிட்டால் வெட்கப்படாமல் எப்படித் திருப்பிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருவான். என்னையும் பொலிஸ் மறித்திருக்கிறது. ஆனால் என்னை மறிப்பதும் அவனை மறிப்பதும் ஒன்றல்ல. அதை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் சரக்கு இல்லை. அந்த மனிதர்களிடம் இருந்தது. அவர்கள் மேல் எனக்கு நன்றி இருந்தது, நன்றி அளவுக்குப் பொறாமையும் இருந்தது.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புலமைப்பரிசில் கொடுக்கிற நாளில் ஒவ்வோர் இளைஞனும் வெள்ளைச் சட்டையும் டையுமாக, சபைக்கு முதுகு காட்டி, மேடையைப் பார்த்தபடி நிற்பான். அவனே தெரிந்தெடுத்த ஓர் ஆண் பின்னால் வந்து அவனுக்குக் கோட் போட்டுவிட்டு, காதுக்குள் ஏதாவது சொல்வார். என்ன சொன்னார் என்று வேறு யாரும் கேட்கக் கூடாது. சொல்லி முடித்து, மேடையிலிருந்து அழைப்பு வரும்வரை இளைஞன் திரும்பக் கூடாது. இவன் என்னுடையவன், இவனுக்குப் பின்னால் நான் நிற்கிறேன் என்பதுதான் அந்தக் கோட்டின் பொருள்.

மகனின் கடைசி வருடம். வசந்தம் தொடங்கி, வீதியோரத்துப் பனி அழுக்காகக் கரைந்துகொண்டிருந்தது. காரில் வரும்போது கேட்டான்.

"அப்பா, கோட் போட ஒராளைச் சொல்லோணுமாம். வில் யூ டூ இட்?"

என் நெஞ்சு ஒருமுறை எகிறி விழுந்தது. ஆனால் வாய் வேறு பக்கம் போனது.

"நான் இல்லையப்பன். மாமாதான் போடோணும். அதுதான் முறை."

முறைதான். எங்கள் சனத்தில் பிள்ளைக்குக் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில்தான் இருத்துவார்கள். சடங்கோ கல்யாணமோ, மாமனுக்குத்தான் முதல் மரியாதை. அவர் சபையில் இருக்கத் தகப்பன் முந்திக்கொண்டு போனால் சபை தெரியாதவன் என்பார்கள். அவனை 'அங்கிள்' என்று சொல்லவிடாமல் 'மாமா' என்று பழக்கியவனே நான்தான். மச்சானுக்குச் சேர வேண்டியதை மச்சானுக்கு விட்டுக்கொடுத்தேன் என்ற பெருமிதத்தோடு காரை ஓட்டினேன்.

"ஓக்கே," என்றான் மகன். பிறகு காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டான்.

அந்த ஹெட்போன் அதற்குப் பிறகு காரில் கழன்றதே இல்லை. பரீட்சை நேரம், அதுதான் என்று நினைத்தேன். மண்டபத்துக்கு வெளியே முன்போலவே சாய்ந்து படுத்தேன். தாளம் வந்தது, நித்திரை வரவில்லை.

ஒரு சனிக்கிழமை யாரோ கார்க் கண்ணாடியில் தட்டினார்கள். மச்சான். கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் ஏறி அமர்ந்தார். 'மச்சான்' என்ற ஒரு சொல்தான் அவருக்குத் தெரிந்த தமிழ், அதை வாய் நிறையச் சொல்வார். அன்றைக்குச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் பேசினார், முகத்தைப் பார்க்காமல்.

"பிள்ளை உன்னைக் கேட்டவன். நீ மாட்டன் எண்டிட்டாயாம். எங்கட ஆக்களுக்கு முன்னால அவன்ர தகப்பனா நிக்க உனக்கு வெட்கமோ?"

எங்கள் முறையை முதலிலிருந்து விளங்கப்படுத்தினேன். மடியில் இருத்துவது, முதல் மரியாதை, எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் முன்கண்ணாடியில் படிந்த ஆவியை விரலால் துடைத்தபடி சிரிக்கத் தொடங்கினார்.

"பதினெட்டு வருசமா இந்த உரிமை எனக்கு இருக்கெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே," என்றார். "சரி, உனக்கு விருப்பமில்லையோ?"

"விருப்பமில்லாமல்! அதை நினைச்சு எனக்கு நித்திரையே இல்லை."

அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அன்றைக்குத் திரும்பும்போது மகனிடம் ஹெட்போனைக் கழற்றச் சொல்லி எங்கள் முறையை விளக்கினேன். "இட்ஸ் ஃபைன், அப்பா. மாமாட பேரைக் குடுத்திட்டன்," என்றான். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு, "முறையைச் சொன்னீங்கள். ஆசையைச் சொன்னீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சொல்லவில்லை. என் பிள்ளை என்னைக் கேட்டு, நான் மறுத்து, அப்படியே அவன் வீட்டைவிட்டுப் படிக்கப் போய்விடப் போகிறான் என்ற பயம் அன்றைக்குத்தான் வந்து நெஞ்சில் குந்தியது.

புலமைப்பரிசில் விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. உயரமான ஜன்னல்களால் வெயில் இறங்கி, மண்டபம் முழுவதும் தேன் நிறமாக இருந்தது. பெண்கள் பெரிய தொப்பிகளோடு வந்திருந்தார்கள். நான் மனைவிக்குப் பக்கத்தில், நடைபாதை ஓரமாக அமர்ந்திருந்தேன். முன்னால் ஒவ்வோர் இளைஞனாக வந்து நின்றான். தகப்பன்மார் வந்தார்கள், கோட் போட்டார்கள், காதுக்குள் சொன்னார்கள். ஒரு தகப்பன் நீண்ட நேரம் சொன்னார். இன்னொருவர் சொல்ல முடியாமல் மகனின் தலையில் நெற்றியை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார்.

என் மகனின் பெயரைச் சொன்னார்கள். அவன் போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றான். அந்த முதுகு எவ்வளவு அகலமாகிவிட்டது என்பதை நான் அதுவரை பார்க்கவே இல்லை. மச்சான் பின்வாசலால் கோட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். என் இருக்கையைத் தாண்டவில்லை. நின்று, கோட்டை என் மடியில் போட்டார்.

"மச்சான், எழும்பு," என்றார் மெதுவாக. "மாமன்ர உரிமை எனக்குத்தானே? அப்ப மாமன் சொல்லுறதைச் செய்."

எழுந்தேன். மேடையில் நின்ற சகோதரர்கள் கால்களால் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது மரத் தரை வழியாக என் உள்ளங்கால்களுக்குள் ஏறியது. அந்தச் சில அடிகளை நான் நடந்தேனா, நின்ற இடத்திலேயே என்னைக் கொண்டுபோனார்களா என்று இன்றும் தெரியாது. வெயில் மட்டும் நினைவிருக்கிறது.

மகனுக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் நிற்பது மாமா என்றுதான் நினைத்தான். நேராக, விறைப்பாக, பழக்கியிருந்தபடி நின்று, கைகளைப் பின்னால் நீட்டினான். ஒரு கை இலகுவாக நுழைந்தது. மற்றக் கை கோட்டின் உள்துணியில் சிக்கிக்கொண்டது. ஒருபடியாகப் போட்டுவிட்டு, அவன் காதுக்கு எட்ட எக்கி நின்றேன்.

"நான்தான் ராசா, அப்பா," என்றேன். "நீ கேட்ட அண்டைக்கே எனக்குச் சரியான விருப்பம்."

அவன் தோள்கள் சட்டென்று இறங்கின. மேடையைப் பார்த்தபடியே கேட்டான்.

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொல்லத் தெரியேல்லையடா."

திரும்பக் கூடாது என்பது விதி. அவன் திரும்பினான். என்னைவிட உயர்ந்துவிட்ட என் பிள்ளை, அத்தனை பேருக்கும் முன்னால் குனிந்து, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். மேடையில் நின்ற ஒருவரும் அவனை மறுபடி முன்போல நிற்கச் சொல்லவில்லை.