என் பக்கம் குவிந்த இறைச்சி

அறுவை சிகிச்சைக்குப் பிறகு என்னை நோய் பார்க்க வந்த எல்லாரையும் நான் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். உணவுக்குழாயில் புற்றுநோய். கொழும்பில் அதை வெட்டி எடுத்து, இரைப்பையை மேலே இழுத்து நெஞ்சுக்குள் தைத்துவிட்டார்கள். இரண்டு பிடிச் சோற்றுக்கு மேல் போனால் நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், கண் இருட்டும். நேராகப் படுத்தால் தின்றது தொண்டைக்கு வந்துவிடும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்குகிறேன். சொன்னால் கேட்டால்தானே? இனிப்பு வட்டிலப்பத்தோடு வந்து, "தின்னாட்டி எப்படி உடம்பு தேறும்?" என்று எனக்கே புத்தி சொல்வார்கள். போகும்போது வாசலில் நின்று, "ஆள் கரைஞ்சி போயிட்டார்" என்பார்கள். வெட்டியது என் உணவுக்குழாயைத்தான், காதை அல்ல.

இவர்களுக்கெல்லாம் தலைவர் என் மச்சான். மனைவியின் தம்பி, கல்முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். என் மகளின் கலியாணம் நெருங்கியபோது வந்து சொன்னார்:

"உங்களுக்கு உள்ளுக்குக் கஞ்சி வெப்போம் மச்சான். சஹன்ல இருந்து பாதில எழும்பினா மாப்புள்ளட வாப்பாவுக்கு மரியாதை இல்லயே."

மனைவியும் தலையாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தவன் நான். அந்த வீட்டு விருந்தில் எனக்குக் குசினி அடுப்படியில் கஞ்சியா? சஹன் என்ற அந்த ஒரே பெரிய தட்டில் சம்பந்தியோடு சேர்ந்து கை வைக்காமல் நான் என்ன வாப்பா?

கலியாணத்தன்று யாரையும் கேட்காமல் சம்பந்திக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மச்சான் எனக்கு நேரே இருந்தார். ஆறு பேருக்கு நடுவே சஹன் வந்தது, நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும். பிஸ்மி சொல்லிக் கை வைத்ததும் மச்சான் ஆரம்பித்தார். நல்ல துண்டை எடுத்து அடுத்தவர் பக்கம் தள்ளுவது நம் ஊர் மரியாதை. அவர் தள்ளியதோ மரியாதைக்கு இல்லை.

"தின்னுங்களன் மச்சான். சஹன்ல இருந்தா தின்னத்தானே வேணும்."

என் முன்னால் இறைச்சி குவிந்தது. மற்றவர்கள் என் வாயையே பார்த்தார்கள். இன்னொரு பிடி அள்ளினால் அந்த இடத்திலேயே சாய்ந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். குவியலை அப்படியே அவர் பக்கம் தள்ளினேன்.

"நீங்க தின்னுங்க மச்சான். உடம்பு தேறட்டும்."

சம்பந்தி சிரித்துவிட்டார். மச்சான் குனிந்த தலை நிமிராமல் அத்தனையையும் தின்று முடித்தார். எல்லாரும் முடித்தார்கள். நான் மட்டும் என் சோற்றைப் பருக்கை பருக்கையாக மென்றுகொண்டிருந்தேன். கடைசி ஆள் முடிக்கும்வரை சஹனை விட்டு யாரும் எழும்ப முடியாது. கை கழுவத் தண்ணீர் வந்தது. நெய் காய்ந்த கையோடு மச்சான் என்னைப் பார்த்தார்.

"முடிஞ்சா மச்சான்?"

"பொறுங்க," என்றேன். "இன்னம் ஒரு வாய் இரிக்கி."