மரமில்லாத சரிவு

"முந்திரிக் கன்னு ஒரு நாப்பது வாங்கி இந்த வாரமே ஊனிடு, தெக்லாம்மா. நெலம் அளக்கறவங்க வர்றதுக்குள்ள வேர் புடிச்சிரும்" என்றார் ஊர்த்தலைவர் அன்செல்முஸ்.

தெக்லா ஊர் அலுவலகத்தின் வாசற்படியில் உட்கார்ந்து சோளப் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"யாரு மண்ணுல?"

"நீ முப்பது வருஷமா இருக்கற மண்ணுலதான்."

"இருக்கறது நான். மண்ணு கஸ்பார் பெரியவர் வீட்டோடது."

"கஸ்பார் செத்து ஏழு வருஷமாச்சு. அவர் மகன் சில்வெஸ்டர் பாலியிலேருந்து வாங்கற ஆளக் கூட்டிட்டு வந்து கடலக் காட்டறான், மணலக் காட்டறான். நடுவுல இருக்கற உன் வீட்ட மட்டும் காட்ட மாட்டேங்கறான். புரியுதா?"

"என் வீட்டுல காட்டறதுக்கு என்ன இருக்கு? தகரம்."

"சிரிக்காதம்மா. அளக்க வர்றவன் கேக்கற மொதக் கேள்வியே இங்க என்ன மரம், யாரு வச்சதுன்னுதான். மார்த்தினுஸப் பாரு. அவனும் உன்ன மாதிரி அலைக்குத் தப்பி வந்தவன்தானே? இன்னிக்கு இருபது தென்னை, அறுபது முந்திரி. அவன் இடத்த யாராவது தொட்டுப் பாக்கட்டும்."

"அவன் பெரியவருக்கு வாக்குக் குடுக்கலியோ என்னவோ."

"குடுத்தான். மறந்துட்டான். நீயும் மறந்து தொலையேன்."

"இந்த வயசுக்கு மேல மறக்கறதுக்குப் புதுசாப் பழகணுமா, தலைவரே?" என்று எழுந்தாள் தெக்லா. போகிற போக்கில் மேசைமேல் ஒரு பொட்டலம் சோளத்தை வைத்தாள். "இது எல்விராவுக்கு. உங்களுக்கு இல்ல. நீங்க என்னத் திருடச் சொன்னீங்க."

மேசைக்குப் பின்னால் எல்விரா குடும்ப அட்டைகளை நகலெடுத்துக்கொண்டிருந்தாள். குப்பாங் நகரில் படித்துவிட்டுச் சொந்த ஊரான வைலோலோவுக்குத் திரும்பி வந்தவள் அவள். அரசாங்கத் தாள்களை இந்தோனேசிய மொழியில் நிரப்பி, அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வந்தவர்களுக்கு ஊர்ப் பேச்சில் சொல்வது அவள் வேலை. இரண்டு மொழியிலும் அவளுக்குப் பேச்சு குறைவு.

பெரிய அலை வந்த வருஷம் தெக்லாவின் தீவில் அவள் தெரு முழுக்கப் போய்விட்டது. புருஷன் ரூஃபுஸ், இடுப்பில் மகன் டோமி, ஒரு சட்டி. இவ்வளவோடு படகேறி வந்தவர்களுக்குக் கடலை ஒட்டிய சரிவை ஒதுக்கிக் கொடுத்தவர் கஸ்பார். வைலோலோ மண்ணுக்கு உரிமையுள்ள மூத்த வீடு அவருடையது. வெற்றிலை மென்று, சிவப்புச் சேவல் அறுத்து, ஒரே கொட்டாங்கச்சியில் கள் குடித்துப் பேசி முடித்த பேச்சு அது. சோளம் போட்டுக்கொள், மரவள்ளி போட்டுக்கொள், வீடு கட்டிக்கொள். நெடுநாள் நிற்கும் மரம் மட்டும் வைக்காதே.

ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. அவர்கள் தீவிலும் அதே வழக்கம்தான். மரம் வைத்தவனுக்கு மரம் சொந்தம். அது காய்த்துப் பேரன் கைக்குப் போகும்போது அடியில் இருக்கும் மண்ணும் கூடவே போய்விடும். அதனால் அடுத்தவர் மண்ணைக் கேட்டு வாங்கிப் பயிரிடுபவன் மரம் வைப்பதில்லை.

தெக்லா வைக்கவில்லை. வைக்காமல் இருப்பதும் சுலபமில்லை. அந்த மண்ணில் எது விழுந்தாலும் முளைத்தது. டோமி மாம்பழம் தின்றால் கொட்டையை எண்ணி வாங்கிக் கடலில் எறிந்தாள். பறவை போட்டது, மழை அடித்துக்கொண்டு வந்தது, எல்லாவற்றையும் விரல் நீளம் வரும்போதே பிடுங்கினாள். வாழையும் பப்பாளியும் மரக் கணக்கில் வராது என்று ஊரே சொன்ன பிறகுதான் அவற்றை வைத்தாள். ஒரு மழைக்காலத்தில் வேலிக்கு நட்ட முருங்கைக் கொம்புகள் வரிசையாகத் துளிர்த்துவிட்டன. கஸ்பார் வீட்டுக்கு ஓடினாள்.

"பெரியப்பா, வேலி மரமாயிடுச்சு."

கஸ்பார் சிரித்துச் சிரித்து வெற்றிலையை முழுங்கிவிட்டார். "இலை பறிக்கற முருங்கைய யாரும்மா மரம்னு சொன்னா? உன் தோளுக்கு மேல போகாம ஒடிச்சுக்கிட்டே இரு, போ."

ஒடித்துக்கொண்டே இருந்தாள். ஒன்பதாம் வருஷம் ரூஃபுஸ் காய்ச்சலில் போனார். அதற்குப் பிறகு சோளத்தை மண்சட்டியில் வறுத்து, சூடு தணியுமுன் வெறும் விரலால் எடுத்துக் கல்மேல் வைத்து, கல்லால் ஒரு தட்டுத் தட்டி அவலாக்கிச் சந்தைக்குக் கொண்டுபோய்த்தான் மகனைப் படிக்கவைத்தாள். காலையில் வீட்டின் மேற்கு நிழல், பிற்பகலில் கிழக்கு நிழல். சட்டியும் கல்லும் அவளோடு சுற்றிச் சுற்றி வரும். தெக்லா வீட்டுக்கு விருந்துக்குப் போனால் குடை எடுத்துப்போ என்று கள் குடிக்கிற இடத்தில் சொல்வார்கள். அதைக் கேட்டு அவளும் சிரிப்பாள். "குடை வேணாம். சீக்கிரம் தின்னுட்டுப் போனாப் போதும்."

அந்தச் சரிவுக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. உப்புக் காற்று, கல் மண் என்று மூத்த வீட்டுப் பிள்ளைகளே பங்கு கேட்காத இடம். அலையேறி விளையாட வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்த பிறகு தரகர் வந்தார். சரிவை நடந்து பார்த்து, "ஒரு மரம்கூட இல்ல. சுத்தமான மண்ணு" என்று மெச்சினார். மரம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வைத்தவனுக்குக் கொடுத்தாக வேண்டும். சில்வெஸ்டர் கெட்டவர் இல்லை. இரண்டு பிள்ளைகளை மக்காசரில் படிக்கவைக்கிறார். மூத்த வீட்டைச் சேர்ந்த ஆறு குடும்பங்களும் விற்கச் சொல்லி அவரை நெருக்கின. தெக்லாவைப் பார்த்தால் பேசாமல் வேறு வழியில் போனார், அவ்வளவுதான்.

தலைவர் சொன்னதைத் தெக்லா கேட்கவில்லை. ஆனால் விஷயம் மௌமெரே நகரத்தில் லாரி ஓட்டும் டோமி காதுக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் நாற்பது முந்திரிக் கன்றைக் கொண்டுவந்து நட்டு முடித்துவிட்டான். அம்மா வந்தாள், பார்த்தாள், கோவில் உடையை மாற்றினாள், குனிந்து முதல் கன்றைப் பிடுங்கினாள். சோளம் வாங்கப் போன எல்விரா முருங்கை வேலிக்கு வெளியே நின்றுவிட்டாள்.

"அம்மா! உனக்கென்ன பைத்தியமா?"

"தண்ணி ஊத்தியிருக்கியா? அதான் லேசா வருது."

"ஊருல எல்லாரும் பண்றதத்தான் நான் பண்ணேன். நாளைக்கு வீட்டப் பிரிச்சு ரோட்டுல போடுவாங்க, தெரியுமா?"

"நீதான் லாரி வச்சிருக்கியே. ஏத்திக்கிட்டுப் போ."

"உன் வாக்க வாங்குன ஆளே இல்ல இப்ப!"

"குடுத்த ஆளு இருக்கேன்ல?" என்றாள் தெக்லா. "அந்த ஓரத்துல ஆழமா வச்சிட்ட. வந்து ஒரு கை குடு."

டோமி கை கொடுக்கவில்லை. சாப்பிடாமல் லாரியை எடுத்துக்கொண்டு போனான். அவள் நாற்பதையும் கூடையில் அடுக்கித் தலையில் வைத்துச் சில்வெஸ்டர் வீட்டு வாசலில் இறக்கினாள். "என் பையன் தெரியாம உங்க மண்ணுல கை வச்சிட்டான்" என்று மட்டும் சொன்னாள். சில்வெஸ்டர் உள்ளே போய்விட்டார். அவர் மனைவி காப்பி கொடுத்தாள். கன்றுகள் வீணாக வேண்டாம் என்று தன் தோட்டத்தில் நட்டுக்கொண்டாள்.

அளக்க வந்தவர்களோடு இரண்டு மொழியும் தெரிந்தவள் என்று எல்விராவை அனுப்பினார்கள். சோளம் அறுத்து முடிந்த மாசம். சரிவு மொட்டையாகக் கிடந்தது. மூங்கிலும் தகரமும் வைத்த வீடு நிலையான கட்டடத்தில் சேராது என்றார் அளவுக்காரர்.

"இங்க யாரும் பயிர் வச்சு அனுபவிக்கல போல."

"அனுபவிக்கறாங்க" என்றாள் எல்விரா.

"எங்க? காட்டுங்க."

வீட்டோரத்து வாழையும் வேலி முருங்கையும் மரக் கணக்கில் வராது; வேறு காட்ட ஒன்றும் இல்லை. என்ன நட்டது, யார் நட்டது, எந்த வருஷம் என்ற கட்டத்தை அவர் வெறுமையாக விட்டார். மூத்த வீட்டின் கூட்டம் கூடி இறுதி முடிவு சொல்ல எட்டு நாள் தவணை கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை தாள் எல்விராவிடம் இருந்தது. அன்று அவள் வீட்டுக்குப் போய்ச் சரியாகச் சாப்பிடவில்லை.

கூட்டத்தில் நடந்ததை ஊர் அறியும். தெக்லா சொல்லச் சொல்லத் தான் எழுதிய தாளை எல்விரா முதலில் ஒரு மொழியிலும் பிறகு மற்ற மொழியிலும் வாசித்தாள். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை என்று இரண்டாம் தடவை சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். முடிந்ததும் சில்வெஸ்டர் எழுந்தார். "அப்பா வருஷா வருஷம் என்னத்தான் அந்தச் சரிவப் பாத்துட்டு வரச் சொல்லுவாரு. சரியாத்தான் எழுதியிருக்கு" என்றார். சரிவு விலைபோனது, இன்று அங்கே விடுதிக் குடில்கள் நிற்கின்றன. அவற்றின் பின்னால் வீடும் அடுப்படியும் வேலியுமாகப் பதினெட்டுத் தப்படி அகலம் மட்டும் விற்காமல் தெக்லா பேரில் பதிந்தார்கள். அங்கிருந்து கடல் தெரியாது. டோமி வந்து பத்திரத்தை இரண்டு தடவை படித்தான். அன்று சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அந்தக் கூட்டத்துக்கு முந்தின நாள் காலை அலுவலகம் திறந்தவுடன் தெக்லா வந்தாள். படியில் உட்காராமல் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அந்தத் தாள்ல நட்ட மரத்த எழுத ஒரு கட்டம் இருக்காமே?"

"இருக்கும்மா."

"பிடுங்குன மரத்த எழுத?"

"அதுக்கு இல்ல."

"அப்ப அந்தக் கட்டத்துலயே எழுதிடு, மகளே. இடம் பத்தலன்னா பின்பக்கம் எழுது. நான் வருஷத்தோட சொல்றேன். மா பதினொண்ணு. பலா மூணு. முந்திரி, டோமி வச்ச நாப்பதத் தள்ளிட்டு, ஏழு. புளி ஒண்ணு. அது ரூஃபுஸ் போன வருஷம் தானா மொளச்சுது. அவரு உக்கார்ற எடத்துல. கை வரல எனக்கு. ரெண்டு மழை விட்டு வச்சேன், இடுப்பு உயரம் வந்துருச்சு. அப்புறந்தான் பிடுங்குனேன். விட்டு வச்சத மறைக்காத. அதையும் எழுது."