துக்க வருடத்தில் ஒரு பாட்டுப்பெட்டி

என் வீட்டுக்காரர் இருந்தவரை எங்கள் பிக்கப் வண்டியில் பாட்டுப்பெட்டி வைக்க விட்டதில்லை. அவர் போன மூன்றாவது மாதம் நான் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக அத்தையிடம் சொல்லவில்லை. அத்தை என்றால் அவரைப் பெற்றவர், என் மாமியார். பிள்ளைகுட்டி இல்லாத எனக்கு அதன்பிறகு அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே மனுஷி அவர்தான்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கழித்துவிட்ட வண்டி அது. முன்னால் பார்த்தால் பழைய ஜீப், பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி. அவர் அதை ஏலத்தில் எடுத்து, இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த கையோடு அதன் அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். முன்பலகையில் இருக்கிற மூன்று வட்ட மீட்டர்கள், கதவுக் கைப்பிடி, இருவர் சேர்ந்து உட்காரும் நீள சீட், எல்லாம் அந்தக் காலத்துச் சாமானாகத் தேடி வாங்கிப் பொருத்தினார். அந்தத் தகரத்தில் புதிதாக ஒரு திருகாணி ஓட்டை போட்டாலும் கொலைக்குற்றம்.

"இஞ்சின் பேசறதக் கேட்டுட்டு ஓட்டு அம்மணி, அது போதும்" என்பார்.

எனக்கு இஞ்சின் பேசுவது கேட்காது. அவர் பேசுவதுதான் கேட்கும். "கிளட்சு மேல காலு வெக்காத", "இப்ப தேர்டு போடு", "எதுக்கு இத்தன அவசரம்". தொண்டாமுத்தூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு நாற்றுப்பண்ணை இருக்கிறது. தக்காளி, மிளகாய், காலிஃபிளவர் நாற்றுகளைக் குழித்தட்டில் வளர்த்து, கேட்பவர்கள் தோட்டத்துக்கே கொண்டுபோய் இறக்குவோம். அந்த ஓட்டமெல்லாம் அவருடையது. ஒரு காலையில் நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். அதன்பிறகு ஓட்டம் என் தலையில் விழுந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவர் குரலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஐம்பது கிலோமீட்டர், அறுபது கிலோமீட்டர், விடாமல் பேசும். செத்த பிறகும் எனக்கு ஓட்டத் தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

வீட்டில் இன்னும் மோசம். எங்கள் சனத்தில் சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் பாட்டுக் கூத்து கிடையாது. சபையில் அப்படியொரு சட்டம் இல்லை, பழக்கம்தான். டிவி மேல் அத்தை ஒரு துணியைப் போர்த்திவிட்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு வாசலில் நட்சத்திரம் தொங்கவிடவில்லை. ஆராதனையில் பாடும் ஞானப்பாட்டுக்கு மட்டும் தடையில்லை. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் வாரத்துக்கு நான்கு முறை வந்து உட்கார்ந்து அடக்கத்தின்போது பாடியதையே மறுபடி பாடினார்கள். நான் அவர்களுக்குக் காப்பி போட்டேன், பாய் விரித்தேன், டம்ளர் கழுவினேன், கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினேன். உட்கார மட்டும் முடியவில்லை. ஒரு சொட்டு அழவும் முடியவில்லை. அது எல்லோர் கண்ணிலும் பட்டது என்று எனக்குத் தெரியும். நாத்தனார் என் காதுபடவே, "கல்லாட்ட இருக்கறா பாரு" என்றார். அத்தை அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

உக்கடத்தில் கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டுகிற ஒருவரிடம் போனேன். அவர் கடைக்கு வருகிறவர்களெல்லாம் தெருவே அதிர வேண்டும், நீலக்கலர் லைட் மின்ன வேண்டும் என்று கேட்கிறவர்கள். நான் கேட்டது இது: வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியக்கூடாது. ஒரு ஓட்டைகூடப் போடக்கூடாது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கக்கூடாது. ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்க வேண்டும்.

அவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"இப்படிக் கேட்ட மொத ஆளு நீங்கதானுங்க்கா. வண்டிய இத்தன சுத்தமா வெச்சிருக்கறாரு சாரு. அவருக்குத் தெரியுங்களா?"

"தெரியுங்க" என்றேன். பொய் சொல்கிறோம் என்று தோன்றவே இல்லை. மேலே இருந்து பார்த்துக்கொண்டுதானே இருப்பார், பார்க்கட்டும் என்று இருந்தது.

இரண்டு நாள் வேலை. அத்தையிடம் பிரேக் வேலை என்று சொல்லியிருந்தேன். இரண்டு நாளும் நான் அந்தச் சின்னக் கடை வாசலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். கடைக்காரர் சீட்டைத் தூக்கி, அதன் அடியில் ஆம்ப்ளிஃபயரை வைத்தார். பாட்டு போனிலிருந்து வரும், அதனால் முன்பலகையில் எதுவும் வேண்டியதில்லை. ஸ்பீக்கர்களுக்கு மெல்லிய மரப்பெட்டி இரண்டு செய்து, வண்டியில் இருக்கிற அதே கறுப்பு ரெக்சினைச் சுற்றி, முன்பலகைக்குக் கீழே கால் வைக்கும் இடத்தின் இரண்டு மூலைகளிலும் ஏற்கெனவே இருந்த போல்ட்டுகளிலேயே மாட்டினார். கதவுக்குள் தார் பூசிய தடித்த தாளை ஒட்டினார். அதுவரை அடைத்தால் தகர டப்பா மாதிரி சத்தம் போடும் கதவு, அதன்பிறகு 'தொம்' என்று மூடிக்கொண்டது.

பாட்டு வந்தது. கூடவே ஒரு கொசுச் சத்தமும் வந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கொசு கத்தும், விட்டால் அடங்கும். எனக்கு அழுகை வராத குறை. வண்டியே வேண்டாம் என்று சொல்கிறதோ என்று நினைத்தேன்.

"அக்கா, செத்த உக்காருங்க. நீங்க நடக்கறதப் பாத்தா எனக்குத்தான் மயக்கம் வருது" என்றார் கடைக்காரர். "எர்த் சரியாப் புடிக்கல, அவ்வளவுதானுங்க. பெயிண்ட் நல்லா அடிச்சுப் போட்டாரு சாரு."

சீட்டுக்கு அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றி, வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்து அடித்த பெயிண்டை ரூபாய்க் காசு அளவுக்குச் சுரண்டி, வெறும் இரும்பில் வயரைப் பிடித்து முடுக்கினார். கொசு செத்தது. கடைசியாக, பாட்டுப்பெட்டியை முன்பலகையில் சும்மா கிடந்த பனிவிளக்கு சுவிட்ச்சோடு இணைத்தார். மலைக்காட்டில் ஓடிய வண்டி என்பதால் அப்படியொரு சுவிட்ச் இருந்தது, விளக்கு எப்போதோ போய்விட்டது. அதைத் தட்டினால் போன் தானாகச் சேர்ந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடங்கும்.

பேரூர் ரோட்டில் ஏறியதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தட்டினேன். சத்தம் காலடியிலிருந்து வருவதாகவே தெரியவில்லை. எதிர்க் கண்ணாடிக்கு நேராக யாரோ உட்கார்ந்து எனக்கு மட்டும் பாடியதைப்போல இருந்தது. தபேலாக்காரர் விரலை இழுப்பதுகூடக் கேட்டது. தொண்டாமுத்தூர் வரும்வரை வீட்டுக்காரர் குரல் வரவில்லை. ஒரு ஓட்டையும் போடவில்லை, பார்த்துக்கோங்க என்று நான்தான் அவரிடம் சண்டைக்குப் போனேன். அன்றைக்கு ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன்.

அதன்பிறகு பழக்கமாகிப் போனது. ஓட்டத்துக்குப் போகாத நாட்களிலும், ஆறுதல்காரர்கள் பாய் விரித்ததும் நான் நழுவிக் களத்து ஓரம் நிற்கிற வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். அரை மணி, முக்கால் மணி. சோகப் பாட்டெல்லாம் இல்லை. நல்ல குத்துப்பாட்டு, சோடா பாட்டில் பறக்கிற மாதிரி பாட்டு. ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பேன். வெக்கையில் முகமெல்லாம் சிவந்து, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு உள்ளே போவேன். அத்தை என் முகத்தைப் பார்ப்பார், மோர் எடுத்துக் கொடுப்பார், ஒன்றும் கேட்க மாட்டார். ஒருநாள் நாத்தனார் வண்டியை நோக்கி வருவதைக் கண்ணாடியில் பார்த்தேன். பாட்டை அணைத்தேன். பாதி வழியில் அத்தை வந்து கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

பயம் மட்டும் விடவில்லை. தெரிந்தால் அத்தை திட்ட மாட்டார், அதுதான் பயம். பேசாமல் இருந்துவிடுவார். மகன் செத்த வருடத்தில் மருமகள் குத்துப்பாட்டு கேட்டாள் என்று தெரிந்த பிறகு, அவர் எனக்கு எதற்கு மோர் கொடுக்க வேண்டும்? நான் எந்த உரிமையில் அந்த வீட்டில் இருப்பேன்?

ஏழாவது மாதம், பெருந்துறையில் இருக்கும் தன் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று அத்தை பார்க்கப் புறப்பட்டார். எனக்கும் அந்தப் பக்கம் மிளகாய் நாற்று இறக்க வேண்டியிருந்தது. விடிந்ததும் தட்டுகளை ஏற்றினோம். அவர் பைபிளையும் ஒரு சீப்பு பழத்தையும் மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் சாவியைத் திருப்பினேன். தினமும் செய்கிற கை, என்னைக் கேட்கவா போகிறது? பனிவிளக்கு சுவிட்ச்சைத் தட்டிவிட்டது.

முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து பாட்டு வந்தது. பறை, விசில், ஓஹோ என்று ஒரு கூட்டம். அத்தனையும் அத்தனை தெளிவாக.

அணைப்பதற்குள் நான்கு வரி ஓடிவிட்டது. அத்தை என்னைப் பார்க்கவில்லை. சத்தம் எங்கிருந்து வந்தது என்று காலடியைப் பார்த்தார், பிறகு நேரே ரோட்டைப் பார்த்தார். நான் வண்டியை எடுத்தேன். பேரூர் போனது, உக்கடம் போனது, அவிநாசி ரோடு முழுக்க ஒவ்வொரு சிக்னலாக நின்று நின்று போனது. இரண்டு முறை கியர் கிறீச்சிட்டது.

அவிநாசி தாண்டிய பிறகுதான் அத்தை கேட்டார். "களத்துல வண்டிக்குள்ள உக்காந்து இதத்தான் கேப்பியா கண்ணு?"

"ஆமாங்கத்தை."

"தெனமும்?"

"தெனமுங்க." மறைத்து இனி என்ன ஆகப்போகிறது? "என்னால ஊட்டுல உக்கார முடியலீங்கத்தை. வண்டியில ஏறுனா அவரு பேசிட்டே இருக்கறாருங்க. அதான் வெச்சுப்போட்டேன். தப்புத்தானுங்க."

அவர் மடியில் இருந்த பழத்தை எடுத்துக் கீழே வைத்தார்.

"நீ அங்க போயி அழுதுட்டு வாறேன்னு நெனச்சேன்" என்றார். "அழுவட்டும், அவளுக்குன்னு ஒரு எடம் இருக்கட்டும்னு ஒருத்தரையும் அந்தப் பக்கம் உடல. இவகிட்டக் கூடச் சண்ட போட்டேன், எம்மருமக வண்டிக்குள்ள அழுதுட்டு இருக்கறா, போவாதேன்னு."

இவ என்றது நாத்தனாரை. எனக்கு அப்படியே வண்டியிலிருந்து குதித்துவிடலாம்போல இருந்தது. நான்கு மாதமாக என் பாட்டுக்கு அவர் காவல் நின்றிருக்கிறார்.

"நானும் அழுவல கண்ணு" என்றார். "நீ அழுவற ஊட்டுல நானும் அழுதா உன்னத் தேத்தறதுக்கு ஆரு இருக்கறா? வாரவங்க முன்னால அழுவறதுக்கும் எனக்குப் புடிக்கல. எம்பையன் போயி ஏழு மாசம் ஆச்சு, வாய்விட்டு ஒரு சத்தம் போடல நானு."

நான் வேகத்தைக் குறைத்தேன். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. அவர் தன் பக்கத்துக் கண்ணாடியைச் சுற்றி மேலே ஏற்றினார். அந்தக் கைப்பிடி இறுக்கம், இரண்டு கையாலும் சுற்றினார்.

"உம்பக்கமும் ஏத்திக்கோ. அதப் போடு."

"எந்தப் பாட்டுங்கத்தை? ஞானப்பாட்டு வேணா—"

"அதே போடு. நல்லாச் சத்தமா வையி."

வைத்தேன். அதுவரை நான் அவ்வளவு தூரம் ஏற்றியதே இல்லை. காலடித் தகரம்கூட அதிரவில்லை, அந்தக் கடைக்காரர் அப்படி வேலை செய்திருந்தார். அத்தை முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார். முதுகு குலுங்குவது மட்டும் தெரிந்தது. பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இரண்டு விநாடி இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் அவர் குரல் தனியாகக் கேட்டது. மகனைச் சின்ன வயதில் கூப்பிட்ட பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் கேட்டுவிட்டது என்று தெரிந்து சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார், அடுத்த பாட்டு வரும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்.

நான் போனை எடுத்து, இருந்ததிலேயே நீளமான பாட்டாகத் தேடி, அதுவே திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தேன். இடைவெளி விழும்போதெல்லாம் ஹாரனை அழுத்தினேன். பெருந்துறை வரும்வரை முன்னால் வண்டியே இல்லாதபோதும் ஹாரன் அடித்துக்கொண்டே போனேன். நானும் அழுதேன். அவருக்குக் கேட்டிருக்காது.