எதிரிக்காக வைத்த நேர்த்தி

சிவானுஜா பத்மநாதனிடம் பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சிசிலியின் சைக்கிளோ-கிராஸ் பட்டத்தை இத்தனை தடவை வென்றவளுக்கு இந்த விளையாட்டின் மீது காதல் எப்படி வந்தது? அவளும் சிரித்துக்கொண்டு ஏதோ சொல்லி அனுப்பிவிடுவாள். காதலாவது கத்தரிக்காயாவது! வந்தது கோபம். அதுவும் மூக்கு நுனியில் வந்து போகிற கோபமில்லை, வயிற்றில் வைத்துச் சோறூட்டி வளர்த்த கோபம்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்காலத்தில், மழையில் ஊறிக் கிடக்கிற தோட்டத்திலோ பற்றைக் காட்டிலோ வளைத்து வளைத்து ஒரு பாதை போடுவார்கள். சேறு, மணல், மேடு, குறுக்கே பலகை, சில இடங்களில் படிக்கட்டு. முடிந்த இடத்தில் மிதிக்க வேண்டும். முடியாத இடத்தில் குதித்து இறங்கி, சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். புத்தியுள்ள மனிதர்கள் அந்த நேரத்தில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்கள்.

சிவானுஜாவுக்குத் தோளில் தூக்குவது விளையாட்டுக்கு முன்பே பழகிப்போன வேலை. அவர்கள் வீடு பலேர்மோ நகரில், போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஐந்தாம் மாடியில். கீழே விட்ட சைக்கிள் விடியும்போது அங்கே இருக்காது. ஆகவே போகும்போதும் வரும்போதும் அது தோளில்தான்.

அந்த முதல் சைக்கிள் சின்யோர் கால்தரோனே வீட்டிலிருந்து வந்தது. பொலிதேயாமா பக்கத்தில் பெரிய வீடு. அவள் அப்பா பத்மநாதனுக்கு அங்கே துடைத்து, சமைத்து, உடுப்பு அயன் பண்ணுகிற வேலை. கால்தரோனே ஒரு சைக்கிள் கழகத்தின் தலைவர். மகள் மார்ட்டினாவுக்குச் சிறிதாகிப்போன சைக்கிளைக் கொடுத்ததோடு நிற்காமல், "நம் பத்மநாதனின் பெண்" என்று சிவானுஜாவைக் கழகத்திலும் சேர்த்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஊரில் கால்தரோனேக்கு நல்ல மனிதர் என்று பெயர். அந்தப் பெயர் உள்ளவர்களைக் கண்டால் நான் என்றால் நாலடி தள்ளித்தான் நிற்பேன்.

பதினாறு வயதில் அவளுக்கு முதல் பெரிய பந்தயம், சிசிலிப் பட்டத்துக்கானது. சிவானுஜா சேறும் சகதியுமாக, பின்னால் ஒருவரும் கண்ணுக்கெட்டாத தூரத்தில் முதலாவதாக வந்தாள். வந்த வேகத்திலேயே மேடையின் மேல்படியில் ஏறி நின்றாள். அப்போது பட்டத்துக்கென்று, இரண்டாவதாக வந்த மார்ட்டினாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தப் போட்டியின் விதி அப்படி. பந்தயத்தில் யாரும் ஓடலாம், பட்டத்தின் ஜேர்சி இத்தாலியக் குடியுரிமை உள்ளவருக்குத்தான். பலேர்மோ ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை கையில் இருந்ததோ பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி மட்டும். கால்தரோனே சிரித்த முகத்தோடு வந்து, அவளை முழங்கையில் பிடித்து, பலர் பார்க்க மேடையிலிருந்து இறக்கினார். பிறகு அந்த ஜேர்சியைத் தன் மகளுக்குத் தன் கையால் போட்டுவிட்டார்.

விதி அவருக்கு முதலே தெரியும். பதிவுக் கடதாசியில் கையெழுத்து வைத்தவரே அவர்தான். மார்ட்டினாவுக்கு முன்னால் ஓடி வேகம் காட்ட ஒரு குதிரை தேவைப்பட்டது, அவ்வளவுதான். குதிரையிடம் விதியைச் சொல்லுவார்களா?

இதோடு முடிந்திருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பாளோ என்னவோ. திங்கட்கிழமை பின்னேரம் பத்மநாதன் வேலையால் வந்து, களைத்துப்போய், யோசிக்காமல் ஒரு கதை சொன்னார்.

"உந்தச் சேறு லேசிலை போகாது. ரெண்டு தரம் ஊறப்போட்டு, கையாலை கசக்கித்தான் எடுத்தனான்."

"எதிலை இருந்த சேறு அப்பா?" என்று சிவானுஜா கேட்டாள்.

அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வென்ற ஜேர்சியை, இன்னொருத்தியின் ஜேர்சியாக, தகப்பன் தோய்த்து அயன் பண்ணி மடித்து வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

தாய் சந்திரமதி கொதித்தெழுந்தாள். "இஞ்சாருங்கோ, நாளைக்கே உந்த வேலையை விடுங்கோ. வேறை வீடே இல்லையோ பலேர்மோவிலை?"

"பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற நேரம். வேலைக் கொன்றாத்தோக் கடதாசி இல்லாமல் கெஸ்தூராப் பொலிசிலை என்னத்தைக் காட்டுறது?"

"விட வேண்டாம் அப்பா," என்றாள் சிவானுஜா. பதினாறு வயதுப் பிள்ளையின் குரல் மாதிரி இல்லை அது. "நீங்கள் அங்கையே நில்லுங்கோ. நான் மார்ட்டினாவை வெல்லுற அண்டைக்கு நீங்கள் அந்த வீட்டிலை வேலை செய்யிற ஆளா நிக்கவேணும். அப்பதான் அவருக்கு உறைக்கும்."

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. பதினெட்டு வயதானதும் குடியுரிமை எடுப்பது, மார்ட்டினாவோடு ஓடுவது, தகப்பனும் மகளும் பார்த்திருக்க அந்த ஜேர்சியைப் பறிப்பது. கால்தரோனேயின் கழகத்தை விட்டு, துறைமுகப் பக்கத்தில் ஒரு சின்னக் கழகத்தில் சேர்ந்தாள். லா ஃபாவோரித்தா பூங்காவில் மழை பெய்தால் சனம் வீட்டுக்கு ஓடும், அவள் வீட்டிலிருந்து அங்கே ஓடுவாள். படியேறும்போது மாடிக்கு ஓர் ஆளாகத் திட்டிக்கொண்டு ஏறுவாள். முதல் மாடி தகப்பனுக்கு, இரண்டாம் மாடி மகளுக்கு, மூன்றாவது அந்தப் பெயரைக் கூப்பிட்டவனுக்கு. நான்காவதும் ஐந்தாவதும் திரும்பவும் தகப்பனுக்கே.

பதினெட்டு வந்தது. நகரசபையில் கையுயர்த்திச் சத்தியம் செய்து இத்தாலியப் பிரசை ஆனாள். பந்தயக் காலம் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான். அந்த நேரம் பார்த்து மார்ட்டினா பயிற்சியில் ஒரு படிக்கட்டில் உருண்டு, தோள் எலும்பையும் இடுப்பையும் உடைத்துக்கொண்டாள். இனி சைக்கிள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். பத்மநாதன்தான் செய்தியைக் கொண்டுவந்தார்.

சந்திரமதி அடுப்பை அணைத்துவிட்டு சாமிப் படத்துக்கு முன்னால் போய்க் கும்பிட்டாள். முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"என்னம்மா செய்தனீங்கள்?"

"நான் என்னத்தைச் செய்தன்? அம்மாதான் செய்தவா. அண்டைக்கே மலைக்குப் போய் நேத்தி வைச்சிட்டன். என்ரை பிள்ளையை இறக்கின இடத்திலை உவள் இனி ஏறக்கூடாது, சைக்கிளிலை காலே வைக்கக்கூடாது எண்டு."

மலை என்றால் மொந்தே பெல்லெக்ரீனோ. அம்மா என்றால் அங்கே குகைக்குள் இருக்கிற சாந்தா ரொசாலியா. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள், வேதக்காரரும் சைவக்காரருமாக நம்மவர்கள் வெறுங்காலோடு ஏறிக்கொண்டிருப்பார்கள். விசா, வேலை, குழந்தை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அங்கேதான் விண்ணப்பம். சந்திரமதி கொஞ்சம் வித்தியாசமாகக் கேட்டுவிட்டாள்.

மகள் துள்ளிக் குதிப்பாள் என்று தாய் நினைத்திருந்தாள். மகள் வீட்டையே இரண்டாக்கிவிட்டாள்.

"ஆரைக் கேட்டு வைச்சனீங்கள்? அவள் படுத்துக் கிடந்தா நான் ஆரை வெல்லுறது? சுவரையோ? எனக்கு அவள் எழும்பவேணும். நல்ல சுகத்தோடை, முழு வேகத்தோடை வந்து எனக்குப் பின்னாலை நிக்கவேணும். போய்த் திருப்பி வாங்குங்கோ!"

"வைச்ச நேத்தியைத் திருப்பி வாங்கேலாது பிள்ளை. வேணுமெண்டால் அதுக்கு மேலை இன்னொண்டு வைக்கலாம்."

அந்த ஞாயிறே இருவரும் மலையேறினார்கள். குகைக்குள் சிவானுஜா முழங்காலில் நின்று, ஜென்ம எதிரியின் இடுப்பு எலும்புக்காக மெழுகுதிரி கொளுத்தினாள். மார்ட்டினா மறுபடி சைக்கிள் ஏறினால், தன் சைக்கிளைத் தோளில் சுமந்து வெறுங்காலோடு இதே மலைக்கு வருவதாக நேர்த்தி வைத்தாள். அவ்வளவு மனம் உருகி அவள் தன் சோதனைக்குக்கூடக் கும்பிட்டதில்லை. பக்கத்தில் நின்ற சந்திரமதி, தான் கேட்டதைக் கேட்காததாக வைத்துக்கொள்ளும்படி ரொசாலியாவிடம் மெல்லச் சமாதானம் பேசிக்கொண்டிருந்தாள்.

கடவுளிடம் மட்டும் விட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் சிவானுஜா இல்லை. சாப்பாட்டு வேலை தொடங்கியது. ஆட்டெலும்பு ரசம், முருங்கையிலைச் சுண்டல், நல்லெண்ணெய் ஊற்றிக் கிண்டிய உளுத்தம்மாக் களி. சாமத்தியப்பட்டு வயதுக்கு வந்த பிள்ளைக்கு இடுப்புப் பலத்துக்கென்று கொடுப்பதெல்லாம் பொலிதேயாமா வீட்டுக்குப் பத்மநாதன் கையில் போனது. கால்தரோனேயின் மனைவி, சின்யோரா, கண்கலங்கிப்போனார். இப்படியும் பாசமா, நீங்கள் எங்கள் குடும்பம் அல்லவா என்று பத்மநாதனின் கையைப் பிடித்துக்கொண்டார். பத்மநாதன் இத்தாலியனில் "சீ, சின்யோரா", அதாவது ஆமாம் அம்மா, என்றார். அவர் அந்த வீட்டில் அதைத் தவிர வேறெதுவும் சொல்லி யாரும் கேட்டதில்லை.

எலும்பு பொருந்தியது. மனம் பொருந்தவில்லை. மார்ட்டினா நடந்தாள், சைக்கிள் இருந்த அறைப் பக்கம் போகவில்லை. ஒருநாள் சிவானுஜா தானே களிச் சட்டியோடு போனாள். கட்டில் ஓரத்தில் இருந்த மார்ட்டினா இத்தாலியனில் கேட்டாள்:

"எதற்காக எனக்கு இவ்வளவும் செய்கிறீர்கள்?"

"நீ அந்த ஜேர்சியை வெல்லவில்லை. உன் அப்பா உனக்குப் போட்டுவிட்டார். நீ இப்போது நிறுத்தினால் சாகும்வரை அது அப்படியேதான் இருக்கும். எழும்பி வா, எல்லாரும் பார்க்க உன்னைத் தோற்கடிக்கிறேன். அதற்காகத்தான் இந்தச் சாப்பாடு."

மார்ட்டினாவின் முகம் சிவந்தது. சட்டி கதவில் மோதி உடைந்தது, களி சுவரெல்லாம் தெறித்தது. அதைத் துடைத்தவர் பத்மநாதன். ஆனால் அடுத்த கிழமை அவர் வீட்டுக்கு வந்தபோது கண்ணில் ஒரு மினுக்கம் இருந்தது.

"பிள்ளை, அவள் சைக்கிளை வெளியிலை எடுத்திட்டாள்."

சிவானுஜா நேர்த்தியைக் கடன் வைக்கவில்லை. வெறுங்காலோடு, சைக்கிளைச் சுமந்து மலையேறினாள். குதிக்கால் வெடித்து இரத்தம் வந்தது. மேலே போய் நன்றி சொல்லும்போது சந்தோசத்தில் அழுதாள்.

மார்ட்டினா இல்லாத அந்த வருடப் பட்டத்துக்குச் சிவானுஜா பெயரே கொடுக்கவில்லை. அடுத்த குளிர்காலம், மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் சிசிலிப் பட்டத்துக்கான பந்தயம். முதல் நாள் முழுக்க மழை. கால்தரோனே மகளுக்காக வந்திருந்தார். மாற்றுச் சைக்கிளைக் காவவும் கழுவவும் பத்மநாதனையும் அழைத்து வந்திருந்தார். சந்திரமதி கயிற்று வேலி ஓரத்தில் நின்றாள்.

மார்ட்டினா நன்றாகத்தான் ஓடினாள். களி வீண்போகவில்லை. கடைசிச் சுற்றுவரை இருவரும் சக்கரத்தோடு சக்கரம் உரச வந்தார்கள், மற்றவர்களைக் காணவில்லை. கடைசி வளைவில் சிவானுஜா முன்னால் இருந்தபோது, பின்னால் டயர் வழுக்குகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். மார்ட்டினாவின் சைக்கிள் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

சிவானுஜா மனதுக்குள் கத்தினாள். விழாதே! விழுந்து தொலைக்காதே! வேலியோரத்தில் சந்திரமதி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தான் வைத்த நேர்த்தி இன்னும் மிச்சம் இருக்கிறதோ என்று அவளுக்குப் பயம். சிவானுஜா பிரேக்கைப் பிடித்தாள். வெற்றிக்கோடு எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இருக்க, சேற்றுக்குள் ஒரு காலை ஊன்றி நின்றாள். சனம் கத்தியது. மார்ட்டினா முழங்கால் உரச, எப்படியோ சைக்கிளை நிமிர்த்தி, மிதித்து, அவளுக்குப் பக்கத்தில் வந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாசப் பார்வை ஒன்றுமில்லை.

கோட்டுக்கு முன்னால் கடைசியாக ஒரு படிக்கட்டு. இருவரும் ஒரே நேரத்தில் குதித்து இறங்கினார்கள். சைக்கிள் தோளுக்கு ஏறியது. அந்தப் படிகளில் சிவானுஜா ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் கதைக்கிறார்கள். மார்ட்டினா நடுப்படியில் இருக்கும்போது அவள் மேலே சைக்கிளில் குந்திவிட்டாள். யாரும் விழவில்லை, யாருக்கும் செயின் அறவில்லை, சாக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. சிவானுஜா முதலாவது, மார்ட்டினா இரண்டாவது.

மேடையின் மேல்படியில் அவள் நின்றாள். இப்போது சைக்கிள் சங்கத்தின் மாகாணத் தலைவராகவும் ஆகியிருந்ததால், ஜேர்சியைப் போட்டுவிட வேண்டியவர் கால்தரோனே. போட்டுவிட்டார், அவள் முகத்தைப் பார்க்காமல். சிவானுஜாவுக்கு அது தேனாக இனித்தது. இரண்டாம் படியில் மார்ட்டினா உதட்டைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்து நின்றாள்.

கால்தரோனே லேசான ஆளா? சனத்தையும் கமராவையும் கண்டதும் பழைய சிரிப்பு வந்துவிட்டது. மேடையோரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற பத்மநாதனை இழுத்து, தோளில் கை போட்டு, மைக்கில் சொன்னார்:

"இந்தப் பெண் என் வீட்டில் வளர்ந்தவள். எனக்கு இவளும் ஒரு மகள் மாதிரி. இல்லையா, பத்மநாதன்?"

எல்லோரும் "சீ, சின்யோரே" என்ற பதிலுக்காகக் காத்திருந்தார்கள். பத்மநாதன் பிடித்திருந்த சைக்கிளைக் கவனமாகத் தரையில் படுக்க வைத்தார். பிறகு மைக் பக்கம் குனிந்தார்.

"இல்லை. இவள் என் மகள். உங்கள் மகள் கீழே, இரண்டாவது படியில் நிற்கிறாள்."

கால்தரோனேயின் கை அவர் தோளிலிருந்து விழுந்தது. சிவானுஜா மேலே நின்றபடி தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் எல்லோரையும்விடக் கூடக் கோபம் வைத்திருந்தது அப்பாதான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.