ஜூஜூவாடியில் பத்து போன்கள்

டெல்வின் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வருடம் பல ஆகியும் அது ஆறவில்லை. தினமும் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவன், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு நான் கம்பெனி வேன் ஓட்டினேன். டெல்வினுக்கு ஊர் காவேரிப்பட்டினம். 2007இல் வேலைக்குச் சேர்ந்து, ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரே அறை எடுத்துத் தங்கியிருந்தான். செல்போனில் இணையம் பார்க்கிற பிரவுசரை வடிவமைப்பது அவன் வேலை. நான் படித்தது ஆறாம் வகுப்பு. அதனால் எனக்கு வண்டியை வைத்தே விளக்கினான்.

“மேல கேரியர் மாட்ட வண்டியிலயே ஓட்டை விட்டிருக்காங்கல்லண்ணா? அப்படித்தான். பிரவுசர சின்னதா செஞ்சு, ஓட்டைய மட்டும் விட்டுடணும். வேணுங்கறத வேணுங்கறவன் செஞ்சு மாட்டிக்கட்டும்.”

மேலதிகாரி மோகன்குமாருக்கு இதில் நம்பிக்கை இல்லை. கண்டவனும் கண்டதை மாட்டினால் போன் கெட்டுப்போகும், பழி கம்பெனிக்கு வரும் என்றார். பத்துப் பேரிடம் கொடுத்து ஒரு மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் அடைத்துவிடலாம் என்று முடிவானது.

அப்படி பிரவுசரில் மாட்டுகிற முதல் துண்டை டெல்வினே எழுதினான். கர்நாடக டவர் வந்ததும் அது இணையத்தை நிறுத்திவிடும். ரோமிங்கில் காசு போகாது. நல்ல யோசனைதான். ஆனால் பத்துப் பேரையும் கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜூவாடியில் பிடித்தான். ஊர் நம் பக்கம்தான். டவர் பாதி நேரம் அவர்களுடையது. அங்கே குடியிருப்பவனுக்கெல்லாம் தெரியும், எனக்கும் தெரியும். காவேரிப்பட்டினத்தானுக்கு எப்படித் தெரியும்?

நாலாம் நாள், பத்துப் பேரில் ஒருவனான மாரிசாமி வேனை மறித்து டெல்வினைக் கேட்டான். “என்னத்தப்பா போட்ட போன்ல? வூட்டுக்குள்ள போனா செத்துடுது, தெருமுனைக்கு வந்தா உசுரு வருது. நெட்டு பாக்க நான் ரோட்டுலயே குடியிருக்கவா?”

புகார் மோகன்குமார் வரைக்கும் போனது. டெல்வின் அவரிடம் ஒரு வாரம் வாதாடினான். துண்டுதான் தப்பு, வடிவத்தில் தப்பில்லை என்றான். அவர் கேட்கவில்லை. ஓட்டைகளை அடைத்துத்தான் பிரவுசர் வெளியே போனது. டெல்வின் வேலையை விட்டான். புனேயில் வேறு வேலை கிடைத்தது.

கடைசி நாள், எந்தப் பொத்தானை அமுக்கினால் எது வரும் என்று தன் போனில் இரண்டு தடவை காட்டினான். இறங்கும்போது சொன்னான்:

“ஜூஜூவாடிக்குப் போயி, அந்தப் பத்து போன்லயும் துண்ட மட்டும் கழட்டி விட்டுடுங்கண்ணா. பிரவுசர் மேல கை வைக்காதீங்க. அது ஓடும்.”