ஆஷாடமும் ஆடியும் தின்ற தேனிலவு

தேனிலவு என்ற வார்த்தையை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் புருஷன். ஓசூரில் ஒரு அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை. அவருடைய மேலதிகாரி புதுப் பெண்டாட்டியோடு ஊட்டிக்குப் போய்வந்த கதையை ஆபீஸ் முழுக்கச் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் இவர் வந்து, “நாமளும் போலாம்” என்றார். கல்யாணமாகி ஐந்தாவது நாள். அதுவரை அவர் என்னிடம் தானாகப் பேசியது தண்ணீர் கேட்கத்தான்.

அவருக்கு அது ஆசை. எனக்கு அது காரியம். நான் கிருஷ்ணகிரிப் பெண். பள்ளிப் படிப்பை முடித்து, ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடமும் கிடைத்திருந்தது. அதற்குள் கல்யாணம். “இனிமே உன் புருஷன் இஷ்டம்மா. அவர் கையெழுத்துப் போட்டா போ, நான் தடுக்கல” என்று அப்பா கையைக் கழுவிவிட்டார். சேருவதற்கான படிவத்தை என் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஆடி நான்காம் தேதிக்குள் கையெழுத்தோடு போய்ச் சேரவேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்த பெண்ணுக்கு.

அந்த வீட்டில் இதை எங்கே வைத்துச் சொல்வது? பதினோரு பேர். எங்களுக்குக் கொடுத்தது ராகி மூட்டை அடுக்கிய அறை. கதவு கிடையாது, கோணிப்படுதாதான். படுதாவுக்கு அந்தப் பக்கம் மாமியாரின் பாய். நான் வாயைத் திறந்தால் அங்கே இருமல் கேட்கும். விதவையான அந்த அம்மாள்தான் வீட்டுக்குத் தலைமை. அவர் காதில் விழுந்தால் படிவம் அடுப்புக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். முதலில் புருஷனைத் தனியாகப் பிடித்து, அவர் வாயால் சம்மதம் வாங்க வேண்டும். அதற்கு ஊரைவிட்டுப் போகவேண்டும்.

எனவே அந்தப் பயணத்துக்கு அவரைவிட நான்தான் அதிகம் திட்டம் போட்டேன். அவருக்கு பெங்களூர் வேண்டும். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஓட்டலில் குழாயைத் திருகினால் வெந்நீர் வருமாம், படுத்துக் குளிக்கப் பீங்கான் தொட்டி இருக்குமாம். சரி, அங்கே இரண்டு நாள். திரும்பி வந்து தளி, ஜவளகிரி வழியாக அஞ்செட்டிக் காடு. மூங்கில் ஏற்றும் லாரிக்காரர் ஒருவர் இவருக்குப் பழக்கம், முன்சீட்டில் உட்காரவைத்து ஒகேனக்கல் பக்கம் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். யானை குறுக்கே வரும் என்றார் இவர். வரட்டும் என்றேன். ஒகேனக்கலில் பரிசல். அது நான் கேட்டது. பரிசலில் எங்களைத் தவிர பரிசல்காரர் மட்டும்தான் இருப்பார், தண்ணீர் இரைச்சலில் அவருக்கும் காது கேட்காது. பேச வேண்டியதை அங்கே பேசிவிடலாம். கடைசி நாள் பேரிகைப் பக்கத்தில் ஒரு ஊரில் பாரதக் கூத்து முடிந்து படுகளம். மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனனைப் பீமன் அடித்துக் கொல்வதைப் பார்த்துவிட்டு வீடு. வீட்டில் கேட்டால் அங்குள்ள அம்மன் கோயிலுக்கு வேண்டுதல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது என் யோசனை.

ஆனி பத்தாம் தேதி கிளம்புவதாக முடிவு. நாளைக் குறித்தது நான். சுவரில் தொங்கிய தமிழ்க் காலண்டரைப் பார்த்து விரல்விட்டு எண்ணினேன். ஆடிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதற்குள் போய்வந்துவிடலாம் என்பது என் கணக்கு. நான் தமிழ் வீட்டுப் பெண். வாக்கப்பட்டது தெலுங்கு பேசும் வீடு. அவர்களுடைய ஆடிக்குப் பெயர் ஆஷாடம், அது அமாவாசை கழிந்ததும் பிறக்கிறது, காலண்டர் தாளில் பிறப்பதில்லை என்பது என் புத்தியில் ஏறவில்லை. புருஷனுக்குத் தெரிந்திருக்கும். தெரியாது என்றுதான் கடைசிவரை சொன்னார். நான் நம்பவில்லை.

ஒன்பதாம் தேதி காலையில் மாமியார் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்.

“நாளைக்கு ஆஷாடம் பொறக்குது. மத்தியான பஸ்ஸுக்கு உங்கப்பன் ஊட்டுக்குக் கெளம்பிக்கம்மா.”

“அத்தே, ஆடிக்கு இன்னும் மூணு வாரம் இருக்குதுங்களே.”

“உங்க ஆடியை உங்க ஊட்டுல வெச்சிக்க. ஆஷாடத்துல அத்தையும் கோடலும் ஒரே வாசப்படி தாண்டக் கூடாது. எனக்கு ஏதாவது ஆச்சின்னா நீ வருவியா பதில் சொல்ல?”

கோடல் என்றால் மருமகள், நான். புருஷனைப் பார்த்தேன். அவர் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“ஏங்க, சொல்லுங்களேன்.”

“ஒரு மாசந்தானே” என்றார், செருப்பைப் பார்த்து.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். மாமியாரும் வந்தார். பெட்டியைக் கூரைமேல் ஏற்றிக் கட்டிவிட்டார்கள். அப்புறம்தான் படிவம் அதற்குள் இருப்பது உறைத்தது. எனக்கு அன்றைக்கு அவ்வளவு கலக்கம். “ஒரு விஷயம் பேசணுங்க” என்று மெதுவாகச் சொன்னேன். மாமியார் ஒரு அடி கிட்டே வந்தார். “எழுதிப் போடு” என்றார் இவர். பஸ் புறப்பட்டது.

எழுதினேன். போன மறுநாளே எழுதினேன். எல்லாவற்றையும் விளக்கி, படிவத்தை வைத்து, கையெழுத்துப் போட்டு மறுதபாலில் அனுப்புங்கள், கோடிப் புண்ணியமாகப் போகும் என்று எழுதினேன். பத்து நாள் ஆனது. பதினைந்து நாள் ஆனது. தபால்காரர் எங்கள் தெருவைத் தாண்டிப் போகும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். நானே ஓசூருக்குப் போகிறேன் என்றேன். “ஆஷாடத்துல அந்த ஊட்டு வாசலை மிதிச்சா உன்னைக் கொலைகாரின்னுவாங்க” என்றார் அப்பா.

ஆடி நான்காம் தேதி வந்தது, போனது. நான் அன்று சாப்பிடவில்லை. அம்மா தட்டை எடுத்துவைத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் ஆஷாடம் முடிந்தது. பெண்ணை அனுப்புங்கள் என்று ஆள் வந்தது. அப்பாவுக்கு இப்போது ரோஷம். “ஆடி மாசம் பொண்ண அனுப்புற ஊடு எதுய்யா? நாலு பேர் சிரிப்பாங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர்கள் மாதம் ஒன்று, எங்கள் மாதம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நான். என்னை யாரும் கேட்கவில்லை.

ஆவணியில் கொண்டுவந்து விட்டார்கள். மாமியார் நல்ல குஷியில் இருந்தார். நான் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் ஆரம்பித்தார்.

“பெங்களூர்ல அந்தத் தொட்டி இருக்குது பாரு, அதுல எறங்கினா எந்திரிக்க முடியல. நாலு சேலையைப் போட்டு அலசிக்கினு வந்துட்டேன். பரிசல்ல தலை சுத்திப்போச்சி, இவன் கையைக் கெட்டியாப் புடிச்சிக்கினேன்.”

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. பத்தாம் தேதி அம்மாவும் பிள்ளையுமாகக் கிளம்பியிருக்கிறார்கள். ஆஷாடத்தில் மருமகள்தான் வீட்டில் இருக்கக் கூடாது. மாமியார் பெங்களூர் போகலாம், காட்டுக்குப் போகலாம், படுகளம் பார்க்கலாம். நான் வரிசைப்படுத்திய அதே வரிசையில், ஒன்றுவிடாமல் போய்வந்திருக்கிறார்கள்.

கூடத்தில் வந்த கடிதங்களைக் குத்திவைக்கும் கம்பி ஒன்று தொங்கும். என் கடிதம் அதில் இருந்தது. பிரித்துப் படித்திருந்தார்கள். படிவத்தின் நடுவில் கம்பி ஏறியிருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலி.

அவர் ஆபீசிலிருந்து வந்ததும் கேட்டேன். படுதாவுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

“எப்ப வந்துச்சி இது?”

“காட்டுலேருந்து திரும்பி வந்த அன்னிக்கே பார்த்தேன். ஆடி நாலுக்கு இன்னும் நாள் இருந்துச்சி.”

“அப்புறம்?”

“இதையெல்லாம் தபால்லயா முடிவு பண்றது? நீ நேர்ல வந்தா பேசிக்கலாம்னு இருந்தேன்.”

“எழுதிப் போடுன்னது யாரு?”

படுதாவுக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது.

“ஓட்டலுக்கு எழுதியாச்சி, லாரிக்காரன்கிட்ட சொல்லியாச்சி” என்றார் இவர். “எல்லாம் வீணாப் போவணுமா? அடுத்த வருஷம் உன்னையும் கூட்டிக்கினு போறேன்.”

“எதுக்கு?” என்றேன். “பேச வேண்டியது இனிமே ஒண்ணும் இல்ல.”

அடுத்த வருஷம் கேட்டார். நான் வரவில்லை என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். அவர் கெட்டவர் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அடித்ததில்லை, குடித்ததில்லை. ஒரு கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் என் இடத்தில் வேறு ஒருத்தி போய்ச் சேர்ந்திருப்பாள். யார், எந்த ஊர், ஒன்றும் எனக்குத் தெரியாது. அவளுக்குக் கையெழுத்துப் போட வீட்டில் ஓர் ஆள் இருந்திருக்கிறான்.